பின்கதவுப் பூட்டும் வீட்டுப்பாடமும்

மதிப்பிற்குரிய அறிவியல் டீச்சர் அவர்களுக்கு,

ஏழாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேள்வி கேட்டே தங்கள் உயிரை வாங்குகிறாளே, அவளுடைய அப்பா வணக்கத்துடன் எழுதுவது. தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமாக இல்லை. என் வேலை போகப்போகிறது. காரணம், தாங்கள் கொடுத்த வீட்டுப்பாடம்.

தீ எரிய என்னென்ன வேண்டும் என்று வகுப்பில் நடத்தினீர்கள், சரி. அதோடு விட்டிருக்கலாம். அப்பா அம்மா வேலை செய்யும் இடத்துக்குப் போய், படித்ததை அங்கே தேடிப் பார்த்து, பாடத்தோடு தொடர்புள்ள ஒரு பொருளையும் கொண்டு வா என்று எதற்கு அனுப்பினீர்கள்? நான் சட்டை தைக்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். என் மனைவி அதே கூடத்தில் காலர் தைப்பவள். அன்றைக்கென்று பார்த்து, எங்கள் சட்டைகளை வாங்கும் பெரிய கடையின் அதிகாரி பார்வையிட வந்திருந்தார். மகள் வெட்டுத்துணிக் குவியலைத் தொட்டு "இது எரிபொருள்" என்றாள், இஸ்திரி மேசையைக் காட்டி "இது வெப்பம்" என்றாள், மின்விசிறியை அண்ணாந்து பார்த்து "காத்து. மூணும் இருக்குப்பா, டீச்சர் சந்தோஷப்படுவாங்க" என்றாள். அதிகாரி சிரித்தார். அவர் சிரித்ததால் முதலாளி சிரித்தார். முதலாளி சிரித்ததால் நானும் சிரித்தேன்.

பிறகு பின்கதவைப் பார்த்தாள். அதை மறைத்துத் துணி மூட்டைகள், மூட்டைகளுக்கு மேலே 'அவசர வழி' என்று பலகை.

"ஏம்ப்பா பூட்டியிருக்கு?"

"தொறந்து வெச்சா எவளாவது சட்டையைத் தூக்கிட்டுப் போயிடுவா கண்ணு" என்றார் முதலாளி.

"தீப்பிடிச்சா?"

"அதெல்லாம் பிடிக்காது. சாவி உங்கப்பாகிட்டதான இருக்கு."

பள்ளியில் மணியடித்து எல்லோரையும் வெளியே ஓடவைத்துப் பழக்கினீர்களாமே. எங்கள் கூடத்துச் சுவரில் அபாயமணியின் சிவப்புப் பொத்தானைக் கண்டாள், அமுக்கிவிட்டாள். அது வேலை செய்யாது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். வேலை செய்தது. அத்தனை பெண்களும் மெஷினை விட்டெழுந்து பின்கதவுக்கு ஓட, மூட்டைகள் சரிய, பின்னால் வந்தவர்கள் முன்னால் நின்றவர்களை நெருக்க, நான் சாவியைப் போட, துருவேறிய பூட்டு அசைய மறுக்க, அதிகாரி நடுவில் சிக்கி ஒரு ஷூவைத் தொலைக்க, என் மனைவி கதவோடு முகம் அழுந்தி "தொறங்க, தொறந்து தொலைங்க" என்று கத்தினாள். அவள் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. மகள் மேசைமேல் ஏறி, "தீயில்ல, ஒத்திகைதான்" என்று அழுத பிறகுதான் நெரிசல் தளர்ந்தது.

உயிர்ச்சேதம் இல்லை. ஷூ கிடைத்துவிட்டது. ஆர்டர் கிடைக்கவில்லை.

"கதவு தொறந்துதான் இருந்துச்சு, பொண்ணு தப்பாப் பார்த்துட்டான்னு ஸ்கூல்ல எழுதி வாங்கிட்டு வாய்யா" என்கிறார் முதலாளி. "இல்லேன்னா நீயும் வராத, உன் வீட்டுக்காரியும் வர வேணாம்." ஆகவே அப்படியே பள்ளி முத்திரையுடன் எழுதித் தர வேண்டுகிறேன். அவளுக்கு மதிப்பெண்ணையும் குறைத்துவிடுங்கள், நம்பும்படி இருக்கும். இனிமேல் பாடங்களைப் பள்ளிச் சுவருக்குள்ளேயே வைத்துக்கொள்ளவும்.

தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் எல்லா நலமும் சேரட்டும்.

இப்படிக்கு,
பணிவுள்ள சூப்பர்வைசர்

பி.கு.: நேற்றிரவு இதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் கன்னத்தில் தாழ்ப்பாளின் தடம் இன்னும் இருக்கிறது. "நான் எந்தக் கதவுல நசுங்கினேன்? தொறந்த கதவுலயா?" என்று கேட்டாள். கடிதத்தைக் கிழிக்கப் போனேன். "தப்பை அழிக்கக் கூடாதுப்பா, ஒரு கோடு போட்டு அடிக்கணும், டீச்சர் சொல்லியிருக்காங்க" என்று மகள் தடுத்தாள். எனவே மேலே கேட்டதன் மீதெல்லாம் கோடு போட்டிருக்கிறேன். சட்டை திருட்டுப் போகக் கூடாதென்று சட்டை தைப்பவர்களைப் பூட்டி வைக்கும் கம்பெனி இது. இன்று காலை மெஷின் ஓடும் முன், தைக்கும் பெண்களோடு சேர்ந்து பூட்டைக் கம்பியால் நெம்பினேன். நெம்புகோல் பாடம் அடுத்த மாதம்தானாம், பொறுத்துக்கொள்ளவும். முதலாளி வெளியே நின்று கத்துகிறார். பின்கதவு வழியாக நன்றாகக் கேட்கிறது. பொருள் கொண்டு வரச் சொன்னீர்களே, பள்ளிக்குக் கிளம்பி என்னோடு வந்திருக்கும் மகளின் பையில் பூட்டைப் போட்டிருக்கிறேன். திருப்பித் தர வேண்டாம்.