இறங்க அனுமதியில்லாத ஏரி

கம்போடியாவின் டோன்லே சாப் ஏரியில் தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும் நெடுங்காலமாக அரசாங்கத்தைக் கேட்காமலேயே நடந்துவந்தது. மழைக்காலத்தில் மேகொங் நதி நிரம்பி, ஏரியிலிருந்து வெளியே போக வேண்டிய ஆற்றையே திருப்பி உள்ளே தள்ளும். அந்த ஆறும் வெட்கமில்லாமல் வந்த வழியே திரும்பி ஓடும். வண்டலும் மீனும் கூடவே வந்து சேரும். மழை ஓய்ந்ததும் ஆறு மனம் மாறி மறுபடி வெளியே ஓடும். இத்தனை பொறுப்பில்லாமல் நடந்துகொள்ளும் ஒரு நீர்நிலையைத் திருத்தி நல்வழிப்படுத்தும் உன்னத நோக்கத்தோடுதான் ப்ரெக் துவொல் என்ற மிதக்கும் ஊரில் நீர்நிலை ஒழுங்கு அலுவலகம் திறக்கப்பட்டது.

அலுவலகமும் மிதந்தது. அந்த ஊரில் பன்றிக் கொட்டில் மிதக்கும், வெங்காயப் பாத்தி மிதக்கும், பள்ளிக்கூடம் மிதக்கும். தண்ணீர் இறங்க இறங்க வீட்டை அவிழ்த்து, படகில் கட்டி இழுத்துக்கொண்டு ஆழமான இடத்துக்குப் போவார்கள். ஏறினால் திரும்பி வருவார்கள். பக்கத்து வீட்டுக்காரரைப் பிடிக்கவில்லையென்றால் வேறு பக்கத்து வீட்டைத் தேடிக்கொள்ளலாம். வேறெந்த ஊருக்கும் இந்த வசதி கிடையாது.

இப்படி ஆளாளுக்கு நினைத்த நேரத்தில் நகர்வது நாகரிகமல்ல என்று அலுவலகம் கண்டுபிடித்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் நீலப் பலகையில் எண் அடித்தார்கள். எண் இருக்க வேண்டிய இடத்தில் வீடு இல்லாவிட்டால் அந்த வீடு தொலைந்துபோனதாகக் கருதப்படும். அதில் குடியிருப்பவர்களும் அவ்வாறே கருதப்படுவர். நீர் இரண்டு மீட்டருக்குக் கீழே போனதும் அலுவலகம் இடப்பெயர்வு ஆணை போடும், அப்போது எல்லோரும் ஒன்றாக நகரலாம். அதே ஆணையின் அடுத்த வரியில் மீன்பிடித் தடை இருக்கும். குறைந்த தண்ணீரில் மீன் ஒண்டிக்கிடக்கும்போது வலை போடுவது தூங்குகிறவன் பையில் கை விடுவதுபோல என்பது அரசின் கருத்து.

நீரை அளக்கும் கோல் முதலில் ஏரியின் அடிமண்ணில்தான் நட்டிருந்தது. ஊர் நகர்ந்துபோன பிறகும் அது நின்ற இடத்திலேயே நின்றது. அதைப் பார்த்துவர அதிகாரி விசெத் வெயிலில் அரைநாள் படகில் போக வேண்டியிருந்தது. "இந்த ஊர்ல எல்லாரும் வேணுங்கிறத வீட்டோட கட்டி இழுத்துக்கிட்டுத்தானே போறீங்க? இது மட்டும் என்ன தனிப் பிறவியா?" என்று கேட்டு, கோலைப் பிடுங்கிவந்து அலுவலகத்தின் வாசல் தூணில் கட்டச் சொன்னார். கட்டினார்கள். யாரும் சிரிக்கவில்லை. பன்றியையும் பள்ளிக்கூடத்தையும் கட்டி இழுக்கிற ஊரில் அளவுகோலைக் கட்டுவது பெரிய விஷயமா?

அன்றிலிருந்து ஏரி திருந்திவிட்டது. மிதக்கும் அலுவலகத்தில் கட்டிய கோல் எந்நாளும் இரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டரையே காட்டியது. தலைநகரிலிருந்து பெரிய அதிகாரிகள் வந்து அலுவலகத்தில் ஏறி நின்றபோது மட்டும் இரண்டு இருபதைத் தொட்டது. மேலதிகாரிகளைக் கண்டால் ஏரி எழுந்து நிற்கிறது என்று விசெத் அறிக்கையில் எழுதினார். 'நிலைத்த ஏரி' என்று விருது வந்தது. அந்த வருஷம் எதற்கெடுத்தாலும் 'நிலைத்த' என்று சேர்ப்பதுதான் பேஷன். ஊருக்கே பச்சைச் சட்டை கொடுத்துப் படம் எடுத்தார்கள்.

கோல் எப்படி வேலை செய்கிறது என்று ஊரில் தெரியாத ஆள் இல்லை. ஆனால் நீர் இரண்டு மீட்டருக்குக் கீழே போகாதவரை மீன்பிடித் தடையும் வராதே! அதனால் ஊரார் அந்தக் கோலுக்கு மல்லிகை மாலை போட்டார்கள். முதல் மாலையைப் போட்டது கூண்டில் மீன் வளர்க்கும் நிமோல் என்பவள்தான்.

அந்த வருஷம் நல்ல மழை, தண்ணீர் உண்மையாகவே நின்றது, தப்பித்தார்கள். அடுத்த வருஷம் மழை கைவிட்டது.

மாசி வெயில் ஏறிய ஒரு காலையில் நிமோலுக்குத் தலை சுற்றியது. வீடு ஆடாததுதான் காரணம். பிறந்ததிலிருந்து ஆடிக்கொண்டே இருந்தவளுக்கு ஆடாத தரை ஒத்துக்கொள்ளவில்லை. மூங்கில் கழியை விட்டுப் பார்த்தாள். இடுப்பளவுத் தண்ணீர், அதற்குக் கீழே சேறு, வீட்டின் ஒரு மூலை அதில் தட்டி நின்றது. வீட்டுக்கு அடியில் முங்கிய மரங்களின் கட்டைகள் இருந்தன. தண்ணீர் இன்னும் இறங்கி வீடு அவற்றின்மேல் உட்கார்ந்தால் உத்திரம் முறிந்துவிடும். வீட்டுக்குக் கீழே கட்டியிருந்த கூண்டில்தான் அவள் ஒரு வருஷமாகத் தீனி போட்டு வளர்த்த விரால் மீன் முழுவதும் இருந்தது. படகை எடுத்துக்கொண்டு நேராக அலுவலகத்துக்குப் போனாள்.

"ஐயா, தண்ணி இடுப்பளவுக்கு வந்துடுச்சு. நகர ஆணை போடுங்க."

"யார் இடுப்பு?" என்றார் விசெத்.

"என் இடுப்புதான்."

"அது அரசு அங்கீகரிச்ச அளவு இல்லையேம்மா." ஜன்னல் வழியே கோலைக் காட்டினார். "ரெண்டு பத்து. நம்ம நீர்த்திருவிழாவுக்கும் ரெண்டு பத்து, புது வருஷத்துக்கும் ரெண்டு பத்து. இவ்வளவு நாணயமான ஏரிய நீ எங்கயாவது பாத்திருக்கியா?"

"கோல் ஆபீஸ்ல கட்டியிருக்குங்க. தண்ணி இறங்கினா ஆபீஸும் சேந்துதானே இறங்குது?"

"அரசாங்க அலுவலகம் தாழ்ந்து போகுதுன்னு சொல்றே. எழுத்துல குடுக்கிறியா?"

நிமோல் ஓரடி பின்வாங்கினாள்.

"போன வருஷம் இதே கோலுக்கு மாலை போட்டது யாரு?" என்றார் விசெத். அவள் இன்னும் ஓரடி பின்வாங்கினாள்.

இருந்தாலும் விசெத் மனிதாபிமானம் உள்ளவர். ஆராய்ந்து பார்த்தார். நீர் இறங்கவில்லை என்பது கோலின் மூலம் நிரூபணம். வீடு தரைதட்டுகிறது என்பது நிமோலின் புகார். எனவே ஏறியிருப்பது தரைதான். "இது வண்டல் பிரிவு சமாசாரம்," என்று கைகழுவிவிட்டு வண்டல் பிரிவுக்குத் தகவல் அனுப்பினார்.

வண்டல் பிரிவிலிருந்து நாரித் என்ற இளைஞர் கறுப்புக் கண்ணாடியோடும் ஒரு வாளியோடும் வந்தார். வாளியால் தண்ணீரை மொண்டு, தெளியட்டும் என்று ஓரமாக வைத்தார். அதற்குள் நிமோலின் வீட்டில் சோறும் புரஹொக் என்ற ஊறவைத்த மீன் குழம்பும் சாப்பிட்டு முடித்தார்.

"மேல எல்லாம் அணை கட்டிட்டாங்க. மண்ணு அங்கயே தங்கிடுது," என்றார் ஏப்பம் விட்டபடி. "இந்த வருஷம் வண்டல் வரவே இல்ல. தரை ஏற வழியே இல்லக்கா."

"தண்ணியும் இறங்கல, தரையும் ஏறல. அப்ப என் வீடு எதுலப்பா உக்காந்திருக்கு?"

"அது என் பிரிவு இல்லக்கா."

இரண்டு பிரிவுகளும் கூடிப் பேசின. நீர் இறங்கவில்லை, தரை ஏறவில்லை, ஆனாலும் வீடு தரையைத் தொடுகிறது என்றால், வீடு கனத்துப்போய்க் கீழே தாழ்ந்திருக்கிறது என்பதைத் தவிர வேறு முடிவுக்கு அறிவுள்ளவர்கள் வர முடியாது. மறுநாளே சுற்றறிக்கை வந்தது: பொதுமக்கள் ஆடம்பரப் பொருள்களைக் குறைத்துத் தங்கள் இல்லங்களின் எடையைக் குறைக்க வேண்டும். தலைநகரில் அப்போது எல்லோரும் உடம்பைக் குறைத்துக்கொண்டிருந்ததால் திட்டத்துக்கு நல்ல வரவேற்பு இருந்தது. நிமோலின் கணவன் சாரூன் எந்த ஆணையையும் மறுத்துப் பழக்கமில்லாதவன். பன்றியைப் பக்கத்து வீட்டு தூனிடம் கொண்டுபோய் விட்டான். தூன்தான் ஊரிலேயே பெரிய வலைக்காரன். பன்றி போயும் வீடு அசையவில்லை.

நிமோலுக்கு அப்போதுதான் ஒரு யோசனை தட்டியது. மறுபடி அலுவலகத்துக்குப் போனாள்.

"ஐயா, நீங்க சொன்னதுக்கப்புறம்தான் எனக்குப் புத்தி வந்துச்சு. வீட்ட எடை குறைக்கணும். ஆனா ஊர்ல எவனும் கேக்க மாட்டேங்கிறான். நீங்க முன்மாதிரியா ஆபீஸ முதல்ல குறைச்சுக் காட்டினா, படம் எடுத்துத் தலைநகருக்கு அனுப்பலாம் பாருங்க."

'முன்மாதிரி' என்ற சொல்லைக் கேட்டதும் விசெத்தின் முகம் மலர்ந்தது. அன்று பிற்பகலே ஊர் முழுவதும் படகில் வந்து சூழ்ந்துகொண்டது. இரும்பு அலமாரிகளை இறக்கினார்கள். அலுவலகம் லேசாகி மேலெழும்ப, தூணும் கோலும் கூடவே எழும்பின. ஏரி இரண்டு ஏழுக்கு இறங்கியது. பேட்டரிகளை இறக்கியதும் இரண்டு ஐந்து. விருதுக் கேடயம், பளிங்குப் பலகை போட்ட மேசை, விசெத்தின் தேக்கு நாற்காலி எல்லாம் போனபின் இரண்டு மீட்டரில் வந்து நின்றது. இன்னும் ஒரு விரற்கடை இறங்கினால் ஆணை.

அலுவலகத்தில் மிச்சம் இருந்த ஒரே கனமான பொருள் விசெத்.

"ஐயா," என்றாள் நிமோல் தயங்கியபடி, "நீங்களும் கொஞ்சம் படகுல வந்து உக்காந்தீங்கன்னா…"

விசெத் இறங்கினார். ஒன்று தொண்ணூற்றெட்டு! நிமோலுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "இறங்கிடுச்சுங்க! கையெழுத்துப் போடுங்க!"

"போடலாம். ஆனா ஆணைய அலுவலகத்துல இருந்துதான் பிறப்பிக்கணும்," என்று சொல்லி விசெத் உள்ளே ஏறினார். ஏரி உடனே இரண்டைத் தாண்டியது. இறங்கினார், ஏரியும் இறங்கியது. மறுபடி பேனாவோடு ஏறினார். ஏரியும் விடாமல் ஏறியது.

"இந்த ஏரிக்கு என்மேல என்ன அவ்வளவு மரியாதை?" என்று நெகிழ்ந்துபோனார் விசெத்.

கடைசியில் நிமோல்தான் வழி சொன்னாள். மேசை படகில் இருந்தது, நாற்காலி படகில் இருந்தது, முத்திரை விசெத்தின் பையில் இருந்தது. அப்புறம் அலுவலகம் எங்கே இருக்கிறது? படகில்தானே! விசெத் யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது. படகில் உட்கார்ந்து, கையெழுத்துப் போடுமுன் ஆணையை உரக்கப் படித்தார். "நீர் இரண்டு மீட்டருக்குக் கீழ் சென்றமையால், குடியிருப்புகள் நகர அனுமதி அளிக்கப்படுகிறது. இன்றே மீன்பிடித் தடையும் அமலுக்கு வருகிறது."

படகுகளில் சலசலப்பு எழுந்தது.

"தடையா?" என்றான் தூன். "என்ன தடை? ஏரி நிரம்பத்தானே இருக்கு!" சொன்ன கையோடு தன் படகிலிருந்து அலுவலகத்துக்குத் தாவினான். ஏரி ஒரு விரல் ஏறியது. அவன் பெண்டாட்டி தாவினாள். மச்சான்மார் தாவினார்கள். வலை வைத்திருந்தவர்கள் எல்லோரும் திபுதிபுவென்று ஏறினார்கள். தண்ணீர் இரண்டு பத்துக்கு வந்தது, பதினைந்துக்கு வந்தது. விசெத் பேனாவை மூடிவிட்டார். மக்கள் பங்கேற்பு என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்தது இதுதான் என்பது அவருக்கு இன்றுதான் விளங்கியது.

கூட்டத்தின் நடுவே சாரூனும் நின்றிருந்தான்.

"யோவ்! உனக்கு மூளை இருக்கா? நம்ம வீடு கட்டைமேல உக்காரப் போகுது!" என்று கத்தினாள் நிமோல்.

"கத்தாதடி," என்றான் சாரூன் பரிதாபமாக. "தடை வந்துச்சுன்னா நம்ம விராலுக்குத் தீனி ஏது? பொடிமீன் எங்க போய்ப் புடிக்கிறது?"

நிமோல் தூரத்தில் தெரிந்த தன் வீட்டைப் பார்த்தாள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அப்புறம் கூண்டை நினைத்தாள், அதிலிருந்த அத்தனை வாய்களையும் நினைத்தாள். வீடு முறிய இன்னும் சில நாள் ஆகலாம். விராலுக்கு நாளைக்குக் காலையிலேயே பசிக்கும். அவள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலுவலகத்தில் ஏறினாள். ஏரி இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

அதன்பிறகு ஊரார் முறைவைத்து அலுவலகத்தில் உட்கார்ந்து ஏரியைக் காப்பாற்றினார்கள். சிலர் கூடவே சீட்டும் ஆடினார்கள். அடுத்த வாரம் ஒரு மத்தியானம், நிமோலின் முறை வந்து அவள் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தபோது, வீட்டின் உத்திரம் முறிகிற சத்தம் அங்கேவரை கேட்டது. கூண்டு பிளந்து விரால்கள் முழங்கால் தண்ணீரில் சிதறின. ஊரே வலையோடு ஓடியது. ஏரிதான் நிரம்பியிருக்கிறதே, தடை இல்லையே, எல்லாம் சட்டப்படிதான் பிடித்தார்கள். நிமோல் சேற்றில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சாயங்காலம் தூனின் பெண்டாட்டி ஒரு கிண்ணம் விரால் குழம்பு கொண்டுவந்து கொடுத்து, "அழாதக்கா, சூடா இருக்கு, சாப்பிடு," என்றாள். குழம்பு நன்றாக இருந்தது, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

இத்தனை பேரைத் தாங்கிய அலுவலகமும் சேற்றில் இறங்கி உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்ததும் கோல் முதல்முறையாக உண்மை பேசியது. தண்ணீர் சரசரவென்று இரண்டுக்குக் கீழே போனது. விசெத் அன்றே கையெழுத்துப் போட்டார். ஊர் நகரலாம், நகரத்தான் தண்ணீர் இல்லை. மீன் பிடிக்கக்கூடாது, பிடிக்க மீனும் இல்லை. ஆணை ஒரு குறையுமின்றி நிறைவேறியது.

மழை வந்தது. ஆறு திரும்பி ஏரிக்குள் ஓடிவந்தது. வீடுகள் எழும்பின. சேறு பிடித்துக்கொண்ட அலுவலகம் மட்டும் எழும்பவில்லை. கோல் மூன்று, நான்கு, ஐந்து என்று காட்டிக்கொண்டே முழுகியது. கூரைமேல் உட்கார்ந்து விசெத் அறிக்கை எழுதினார்: அளவுகோல் பழுதாகி மனம்போன போக்கில் அளவு காட்டுவதால் உடனே மாற்றப்பட வேண்டும். புதுக்கோலை மிதக்கும் இடத்தில்தான் கட்ட வேண்டும் என்று ஊராரும் ஒரே குரலில் கேட்டார்கள். பாதிக்கப்பட்ட குடும்பம் என்ற முறையில் அந்தக் கௌரவம் நிமோலின் புதுவீட்டுக்குக் கிடைத்தது.

நிமோல் கோலைத் தன் வாசல் தூணில் இறுக்கிக் கட்டினாள். அளவு கொஞ்சம் குறைவாகத் தெரிந்தது. உள்ளே போய் இரண்டு அரிசி மூட்டைகளை நடுவீட்டுக்கு இழுத்துப் போட்டாள். இரண்டு பத்து.

"அடுத்த கோடைக்கும் வீடு உடையாதா?" என்றான் சாரூன்.

"உடையும்," என்றாள் நிமோல், ஜன்னல் வழியே வெளியே பார்த்தபடி. "ஆனா இந்தத் தடவை கட்டைங்க இருக்கிற பக்கம் தூன் வீடு, அவனும் அடியில கூண்டு கட்டி விரால் விட்டிருக்கான். நாம அவனுக்கு இந்தப் பக்கம். நீ வலைய மட்டும் தைச்சு வை."