இத்ரீசுக்கு நாங்கள் எடுத்த விழா

சுவிட்சர்லாந்தில் உலக இலக்கியம் பிறந்தது 2016ஆம் ஆண்டு ஒக்ரோபரில், ஓர்லிகோனில் உள்ள ஒரு பொது மண்டபத்தில், ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு. இரண்டு என்பது அழைப்பிதழ்க் கணக்கு, பிறந்தது மூன்றேகாலுக்கு. பிரசவம் பார்த்தது எங்கள் இலக்கிய மன்றம். நான் அதன் செயலாளர்.

முதியோர் இல்லச் சமையலறையில் என்னோடு பாத்திரம் கழுவுபவர் இத்ரீஸ். சூடான்காரர். அரபியில் மூன்று சிறுகதைத் தொகுப்புகள் எழுதியவர். இதைக் கேள்விப்பட்டதும் எங்கள் தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை அவசரக் கூட்டம் கூட்டினார்.

"அரபு எழுத்தாளருக்கு விழா எடுத்தமெண்டால் மற்ற மன்றக்காரர் வாய் திறக்கேலாது," என்றார்.

"ஆளின்ரை கதையள் எப்பிடி அண்ணை?" என்று கேட்டார் பொருளாளர் தில்லைநாதன்.

"விழா எடுக்கிறதுக்கு அது என்னத்துக்கு?"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

இத்ரீஸ் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அவர் எழுதுவது சிரிப்புக் கதைகள். நாட்டை விட்டு வந்த ஏழு வருடத்தில் தன் கதைக்கு ஒருவர் சிரிக்கும் சத்தத்தை அவர் கேட்டதில்லையாம். "ஒரு கதையை வாசியுங்கள். சபை சிரிப்பதை நான் கேட்க வேண்டும்," என்றார் ஜெர்மனில்.

தில்லைநாதனின் மகள் கோபிஷா பல்கலைக்கழகத்தில் அரபு படிக்கிறாள். ரயிலே வராத ஊரில், ரயில் தாமதம் என்று தினமும் அறிவிக்கும் நிலைய அதிபரின் கதையை அவள் தமிழாக்கினாள். வாசிக்கப் பன்னிரண்டு நிமிடம். நிகழ்ச்சி நிரலில் நன்றியுரைக்கு முன்னால், மிகுந்த கௌரவத்தோடு, அதைப் போட்டோம்.

மங்கள விளக்கேற்றினோம். வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, இரண்டு வாழ்த்துரை. ஆய்வுரை நிகழ்த்திய நித்தியானந்தன் மாஸ்ரர், "இவரின் ஒவ்வொரு வரியிலும் கண்ணீர்" என்று நாற்பது நிமிடம் உருகினார். உருகியபடியே நூலின் பின்னட்டையைச் சபைக்கு உயர்த்திக் காட்டினார். அரபுப் புத்தகம் மறுபக்கத்தால் திறக்கும் என்பது "ஆய்வில்" அகப்படவில்லை. பொன்னாடைக்குள் வியர்த்துக்கொண்டிருந்த இத்ரீஸ், சபையில் யாராவது இருமினாலும் ஆவலோடு நிமிர்ந்து பார்த்தார்.

ஐந்து மணிக்கு மண்டபத்தை ஒப்படைக்க வேண்டும். நாலே முக்காலுக்குக் கோபிஷா என்னிடம் வந்தாள்.

"அங்கிள், பன்னிரண்டு நிமிசம்தான். இப்ப விட்டால் வாசிச்சு முடிச்சிடுவன்."

"பிள்ளை, கதை எங்கை ஓடப்போகுது? புத்தகத்திலை இருக்குத்தானே. நன்றி சொல்லாட்டில் சனம் கோவிக்கும்."

முப்பத்தொரு பேருக்கு நன்றி சொன்னேன். முப்பத்தோராவது பெயரில் மண்டபப் பொறுப்பாளர் விளக்கை அணைத்தார்.

அடுத்த நாள் மன்றத்தின் இணையத்தளத்துக்கு அறிக்கை எழுதினேன். "கதை வாசிக்கப்பட்டபோது சபையே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது" என்று ஒரு வரி சேர்த்தேன். மனிதர் ஆசைப்பட்டார், எழுத்திலாவது கிடைக்கட்டும்.

அந்த வரியைக் கோபிஷா அவருக்கு அரபியில் அனுப்பிவிட்டாள். செவ்வாய்க்கிழமை இத்ரீஸ் தண்ணீரிலிருந்து கையை எடுக்காமலே மிக மரியாதையாகக் கேட்டார்:

"எந்த இடத்தில் சிரித்தார்கள்?"

கோபிஷா தந்த தமிழ்ப் பிரதி மடிப்புக் கலையாமல் என் கோட்டுப் பையில் இருந்தது. நான் தட்டுகளை அடுக்கினேன். பதினேழு வருடமாகச் செயலாளராக இருக்கிறேன். நாற்பத்திரண்டு எழுத்தாளர்களுக்கு விழா எடுத்திருக்கிறேன். ஒருவராவது இப்படிக் கேட்டு என் மானத்தை வாங்கியதில்லை.

அவர்கள் தமிழ் எழுத்தாளர்கள். நாங்கள் வாசிப்பதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.