போட்டோவுக்கு வைத்த பொட்டு

எழுத்துக்கூட்டி பஸ் போர்டு வாசிப்பதோடு என் படிப்பு முடிந்தது. அதை ஈடுகட்ட ஆண்டவன் கொடுத்தது இந்த வாய். அந்த வாயே ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் என்னைக் கைவிட்டது.

இராஜபாளையத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒடிசாக்காரக் குடும்பம் குடியிருக்கிறது. தாய், தகப்பன் இருவருக்கும் நூல் மில்லில் வேலை. மகள் சபிதா அவர்கள் ஊரிலேயே பன்னிரண்டாவது முடித்துவிட்டு வந்தவள். என் வாயைப் பார்த்தே தமிழ் பழகினாள். பி.காம் படித்தே தீருவேன் என்று நின்றாள். ஸ்ரீவில்லிபுத்தூர் காலேஜ் முதல்வர் அம்மாவோ, "தமிழ்ல நடத்துற பாடம் இந்தப் பிள்ளைக்குப் புரியுமா?" என்று தயங்கி, சேர்க்கையின் கடைசி நாளன்று பெரியவர்களோடு வரச் சொல்லியிருந்தார். பெற்றவர்களுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் கிளம்பினேன்.

"ஏட்டி, நீ வாயத் தொறக்காத. எல்லாம் நான் பேசிக்கிடுதேன்."

(அவள் பேசுவாளா என்று பார்க்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.)

பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர சீட், சபிதாவுக்கு முன்சீட். மேற்கே மலைமேல் மேகம் பஞ்சுப் பொதிபோல மெல்ல நகர்ந்தது. நானும் கூடவே போய்விட்டேன். சபிதா பேங்க் மேனேஜராகக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருக்கிறாள். என்னைக் கண்டதும் எழுந்து நிற்கிறாள். வரிசையில் நிற்கிற சனமெல்லாம், யார் இந்த அம்மா என்று திரும்பிப் பார்க்கிறது...

அந்தச் சொக்கிலேயே மடியிலிருந்த விண்ணப்பத்தைத் திறந்தேன். போட்டோவில் பிள்ளைக்கு வெறும் நெற்றி! நல்ல காரியத்துக்குப் போகும்போது இப்படியா? முந்தானையில் முடிந்திருந்த கோவில் குங்குமத்தை எடுத்து வட்டமாக ஒரு பொட்டு வைத்தேன். என் கொண்டையிலிருந்து இரண்டு கண்ணி மல்லிகையைக் கிள்ளி மேலே சாத்தினேன். அம்புட்டு லட்சணம்!

காலேஜ் ஆபீஸில் சபிதா என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். கிளார்க் விண்ணப்பத்தை விரித்தார். பொட்டைப் பார்த்தார், பூவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அடப்பாவமே... எப்பம்மா தவறுச்சு?"

பொட்டும் பூவும் வைத்த போட்டோ எந்த வீட்டில் மாட்டியிருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது.

"சரி, இந்த சீட்ட அடுத்த பிள்ளைக்குக் குடுத்திருவோம்" என்று அவர் பேனாவை எடுத்தார்.

என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு சபிதா முன்னால் வந்தாள்.

"சார், பேர அடிக்காதிய! நான் சாகலை, படிக்க வந்திருக்கேன். ஆச்சி தெரியாம பூ வச்சிட்டாவ!"

உள்ளறையிலிருந்து முதல்வர் அம்மா சிரித்துக்கொண்டே வந்தார். "இவ்வளவு பேசுற பிள்ளைக்கா பாடம் புரியாது? சேர்த்துக்கோங்க."

இப்போது அவள் ஹாஸ்டலில் இருக்கிறாள். போன் செய்தால் ஹலோ சொல்வதில்லை.

"ஆச்சி, நான் இன்னும் சாகலை."

"நானுந்தான் ஏட்டி. போய்ப் படி."