நட்டு நானாவின் நெற்றி

கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில், வழியை மறிக்கும் சாமான்களைச் சொந்தக்காரர் பெயரோடு சேர்த்துத் திட்டத் தெரிந்த ஒரே மனிதர் நட்டு நானாதான். அவருக்குக் கண் தெரியாது. நட்டு, போல்ட்டு விற்கிறார். விரலால் தடவியே அளவைச் சொல்லிவிடுவார்.

அன்று ஒரு போல்ட்டு வாங்க அவர் கடை வாசலில் நின்றேன். கைத்தடியோடு வந்த நானா, நிறுத்தியிருந்த லொறியின் பின்பலகையில் நெற்றியை 'ணங்' என்று மோதினார். இரத்தத்தைத் துடைக்கும் முன்பே லொறிக்கு ஒரு பிரசங்கம். கடைசியில், "கால்ல வாறதக் கைத்தடி பாக்கும். நெத்தியில வாறத ஆரு பாப்பாங்க?" என்றார்.

கெமரா பார்க்கும்! எஞ்சினியரான எனக்கு அங்கேயே பொறி தட்டியது.

அவர் மகள் ரிஸ்னாவுக்குத் தோன்றியதோ வேறு. "வாப்பா, இனித் தனிய நடக்க ஏலா. நாளையிலருந்து எங்கட அவர் பைக்ல ஏத்திட்டுப் போவார்."

"ஏத்திட்டுப் போக நான் என்ன, சிமெந்து மூட்டையா?"

நான் கெமரா யோசனையைச் சொன்னதும், நானா ஒருவழியாக மகளிடம் ஒரு மாதத் தவணை வாங்கினார். அதற்குள் என் கருவி வேலை செய்தாக வேண்டும்.

நெஞ்சில் தொங்கும் ஒரு போன். முன்னால் இருப்பதை அதன் கெமரா பார்த்து, ஒரு காதில் சொல்லும். அவ்வளவுதான் கருவி. எது தடை என்று அதற்குப் பழக்க, தெருவை நிறையப் படம் பிடிக்க வேண்டும். சனக்கூட்டம் இடைஞ்சல் என்று பௌர்ணமி விடுமுறையான போயா தினமாகப் பார்த்துப் போய்ப் பிடித்து வந்தேன்.

திங்கட்கிழமை நானா புறப்பட்டார். "முன்னால் ஆள்" என்றது போன்.

"கொஞ்சம் வழி விடுங்க" என்றார் நானா. மறுபடியும் "முன்னால் ஆள்" என்றது போன். "காது கேக்காதா? மரியாதை தெரியாத மனிசன்!"

துணிக்கடையில் தொங்கிய சாரங்கள் மரியாதை தெரியாமலே ஆடின. கடைக்காரர் சிரித்துச் சிரித்துக் கதிரையில் சாய்ந்துவிட்டார். நாலு எட்டுத் தள்ளித் தொங்கிய பிளாஸ்டிக் வாளிகளைப் பற்றிப் போன் மூச்சே விடவில்லை. நானாவின் முகம் நேராக ஒரு வாளிக்குள்.

வாளிக்குள்ளிருந்தே கேட்டார். "எஞ்சினியர் புள்ள, எப்ப படம் புடிச்சீங்க?"

"போயாவுக்கு, நானா. ரோட்டுல ஒரு இடைஞ்சலும் இல்ல."

"கடையெல்லாம் பூட்டின நாள்ல அங்க என்னத்தப் புடிச்சீங்க? வாங்க, நான் காட்டித் தாறன்."

காட்டினார். எந்தக் கடையில் எது எத்தனை மணிக்கு வெளியே தொங்கும், எவருடைய பலகை எந்த உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும், எல்லாம் அவருக்கு நெற்றிப்பாடம். ஒவ்வொன்றுக்கும் உரிய திட்டோடு படம் பிடித்து, போனுக்குப் பழக்கினேன்.

தவணையின் கடைசி நாள். முன்னால் நானா, பின்னால், அவருக்குத் தெரியாமல், ரிஸ்னாவும் நானும். சுவருக்குப் பெயின்ட் அடிப்பவர் பாதையின் குறுக்கே ஏணியைச் சாய்த்திருந்தார். ரிஸ்னா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"தலைக்கு நேரே தடை" என்றது போன்; அது சொல்வது என் காதிலும் கேட்கும்படி வைத்திருந்தேன்.

நானா நின்றார். கையை உயர்த்தி ஏணியைத் தொட்டுப் பார்த்தார். குனிந்து அந்தப் பக்கம் போய், திரும்பி நின்று, அடிபடாத ஏணிக்கும் முழுப் பிரசங்கம் செய்தார்.

ரிஸ்னா மூக்கை உறிஞ்சினாள். "சரி, பைக் வேணாம். ஆனா மழை பேஞ்சா?"

மழையை நான் நினைத்தே பார்க்கவில்லை. கெமராக் கண்ணாடியில் தண்ணீர் பட்டால் ஏணியாவது வாளியாவது! கண்டியில் மழைக்கா பஞ்சம்? இப்போது கண்ணாடிக்கு மேலே ஒரு சின்னக் கூரை செய்துகொண்டிருக்கிறேன். அடுத்த மழையில் சோதனை.

அன்று நான் பின்னால் ஒளிந்து வரப்போவதில்லை. நானாவின் பக்கத்திலேயே நடக்கப்போகிறேன். கருவியைப் பார்த்துக்கொள்ளத்தான் வருகிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.