செமிகோலன் வகுப்பும் இருபத்து மூன்று சோடிச் செருப்பும்

"பத்மா, பொலிஸ் ஜீப் எங்கடை கேற்றடியிலை நிக்குது!" என்று நாகேந்திரம் சன்னலோரத்திலிருந்து அடித்தொண்டையில் கத்தினார்.

அவர் மனைவி பத்மாவதி ரீச்சர் அப்போதுதான் கரும்பலகையில் 'கடல் கொந்தளிக்கிறது; படகுகள் போகவில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதி முடித்திருந்தார். பின்வரிசைக்கும் விளங்கட்டும் என்று நடுவிலிருந்த செமிகோலனை மட்டும் கொழுக்கட்டை அளவுக்குப் பெரிதாக்கியிருந்தார். கொழும்பு வெள்ளவத்தையில், பெரிய வீட்டோடு ஒட்டிக் கட்டி வாடகைக்கு விட்ட அந்த அனெக்ஸின் முன்னறையில், ஆண்டு எட்டுப் பிள்ளைகள் இருபத்து மூன்று பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு இருந்தார்கள்.

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு, போர்க்காலம். தமிழர் வீடுகளில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிந்தாக வேண்டும். பொலிஸ் பதிவில் அந்த வீட்டுக்கு இரண்டே பேர், ரீச்சரும் கணவரும். வாசலில் கிடந்த பிள்ளைகளின் செருப்போ இருபத்து மூன்று சோடி. போன மாதம் அடுத்த லேனில், செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு நடந்த வீடொன்றின் வாசலில் செருப்புகளை எண்ணிப் பார்த்துத்தான், சாப்பிட்டுக் கை கழுவ முன்னமே ஒன்பது பேரை விசாரணைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். "பொலிஸ் ஒருக்கா வந்து கேள்வி கேட்டாலும் அடுத்த நாளே வெளிக்கிட்டிட வேணும்" என்று வீட்டுக்காரி பிறிஜெற் சாவியைத் தரும்போதே சொல்லியிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்கு இன்னொரு அனெக்ஸ் கிடைப்பது குதிரைக்கொம்பு.

"பாத்துக்கொண்டு நிக்கிறியள், செருப்பை எடுங்கோவன்!" என்றார் ரீச்சர்.

நாகேந்திரம் கட்டில் விரிப்பை உருவிக்கொண்டு ஓடினார். அத்தனை செருப்பையும் வாரிப் போட்டு இறுக்கி முடிந்தார். தள்ளி நின்று பார்த்தார். செருப்புக் கிடந்தால் விசாரணைதான். இப்படியொரு மூட்டை கிடந்தால் குண்டென்று தெருவையே மறித்துவிடுவார்கள்.

"ஐயோ, உந்த மூட்டையை உள்ளை கொண்டாங்கோ! பிள்ளையள், எல்லாரும் குசினிக்குள்ளை, அடுப்படிக்குப் போங்கோ. ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது."

மூட்டையைக் குளியலறைக்குள் தள்ளிவிட்டு வந்த நாகேந்திரத்தின் கண்ணில் கரும்பலகை பட்டது.

"என்னப்பா, கடல், படகு எண்டெல்லாம் எழுதி வைச்சிருக்கிறீர்? இந்தச் சண்டைக் காலத்திலை பொலிஸ் பாக்கிற வசனமே இது?" என்று சொல்லிக்கொண்டே இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் முனையால் பரபரவென்று அழித்தார். அவசரத்தில் செமிகோலன் மட்டும் அழியாமல் நின்றுவிட்டது.

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். பின்னால் தமிழ் பேசும் முஸ்லிம் கொன்ஸ்டபிள் ஒருவர்.

"இங்க கிளாஸ் நடக்குதாண்டு சேர் கேக்கிறாரு," என்றார் கொன்ஸ்டபிள்.

"கிளாஸோ? சீ சீ, அப்பிடி ஒண்டும் இல்லை," என்றார் நாகேந்திரம்.

இன்ஸ்பெக்டரின் முகம் சுருங்கியது. அவருடைய கண் கரும்பலகையில் போய் நின்றது. மேலே ஒரு புள்ளி, கீழே வால் முளைத்த இன்னொரு புள்ளி. துணைக்கு ஓர் எழுத்துக்கூட இல்லை.

"அது என்னவாம்?" என்று கொன்ஸ்டபிள் கேட்டார்.

"அது ஒண்டுமில்லை!" என்றார் நாகேந்திரம். ஒன்றுமில்லாததை அவ்வளவு பெரிதாக யார் எழுதுவார்கள்?

மனிசனை இனியும் கதைக்கவிட்டால் காரியம் கெட்டுவிடும் என்று ரீச்சருக்குத் தெரிந்துவிட்டது. "செமிகோலன் சேர். தனியத் தனிய நிக்கக்கூடிய ரெண்டு வசனம், ஆனால் கருத்திலை சொந்தக்காரர். முற்றுப்புள்ளி வைச்சால் சொந்தம் அறுந்துபோகும். கமா போட்டால் பிடிமானம் காணாது. அப்பதான் இதைப் போடுறது," என்றார். பாடம் பிசகவில்லை.

கொன்ஸ்டபிள் சிங்களத்தில் சொல்ல, இன்ஸ்பெக்டர் கவனமாகக் கேட்டுத் தலையாட்டினார்.

"ஆருக்குப் படிச்சுக் குடுக்கிறீங்களாம்?"

"எனக்கு," என்று முந்திக்கொண்டார் நாகேந்திரம். தபால் கந்தோரிலிருந்து ஓய்வுபெற்ற, அறுபத்திரண்டு வயது மாணவர்.

"அப்ப ஒரு வசனம் சொல்லட்டாம்."

நாகேந்திரம் முகட்டைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். ஒரு கேள்வி விடையில்லாமல் நிற்பதை வகுப்பின் முதலாம் பிள்ளையால் எவ்வளவு நேரம்தான் பொறுக்க முடியும்? குசினிக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிறுமியின் குரல், ரீச்சர் பழக்கியபடியே குறியையும் சேர்த்துக் கணீரென்று ஒப்புவித்தது.

"த பொலிஸ் கேம் செமிகோலன் த ஸ்லிப்பர்ஸ் வேர் ஹிடன்!"

வசனத்தில் ஒரு பிழையும் இல்லை. பொலிஸ் வந்ததும் உண்மை, செருப்பை ஒளித்ததும் உண்மை, இரண்டுக்கும் சொந்தமும் உண்டு.

இன்ஸ்பெக்டர் குசினிக் கதவைத் திறந்தார். இருபத்து மூன்று முகங்கள் அவரைப் பார்த்து விழித்தன. ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு குறிப்புப் புத்தகத்தை எடுத்து, என்னென்ன நாள், எத்தனை மணிக்கு என்று விசாரித்து எழுதிக்கொண்டார். ரீச்சர் திங்களையும் புதனையும் மாற்றி மாற்றிச் சொன்னார். கேட்டு முடிந்ததும் இன்ஸ்பெக்டர் புத்தகத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஜீப்புக்குப் போய்விட்டார்.

ரீச்சர் அப்படியே தரையில் இருந்துவிட்டார். "முருகா, ஒருத்தரையும் ஏத்தேல்லை!" என்று நெஞ்சில் கை வைத்தார். உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது. ஆனாலும் அந்தக் குறிப்புப் புத்தகம் மனதை அரித்தது.

"தம்பி, எங்களை என்ன செய்யப் போயினம்?" என்று வாசற்படியில் நின்ற கொன்ஸ்டபிளிடம் கேட்டார்.

கொன்ஸ்டபிள் சிரிப்பை அடக்கமாட்டாமல் தொப்பியால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சேர்ட மகளுக்கு இங்கிலீஸ் கிளாஸ் ஒண்டு தேடி ரெண்டு மாசமா அலையிறோம் டீச்சர், ஜீப்பக் கண்டதும் எல்லாரும் பின்கதவால ஓடிர்றாங்க, நீங்க ஒராள்தான் நிண்டு படிச்சுக் குடுத்தீங்க!"