மெட்ஸி என்னும் மாமனார்

லெசோத்தோ மலைகளில் அணையால் வயல் மூழ்கினால் மாற்று வயல் கிடைக்கும். இது சட்டம். சட்டத்தில் எந்தக் குறையும் கிடையாது. குறை ஹா மெட்ஸி ஊரில்தான் இருந்தது.

ஊர் மேட்டில், மக்காச்சோளக் கொல்லைகள் பள்ளத்தில். அணை நிரம்பியதும் கொல்லைகள் நீருக்கடியில் போயின. வீடுகள் ஒரு சொட்டும் நனையவில்லை. நனையாத வீட்டைக் களி கிண்டித் தின்ன முடியாது என்பதால் ஒவ்வொரு குடும்பமாகக் கதவைச் சாத்திவிட்டு, சாலையோரத் தகரக் கொட்டகைகளுக்குக் குடிபோனது.

மாதெபெல்லோவும் போனாள். புருஷன் தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில்; சேதி வந்து நாளாயிற்று. மழைக்கு முன் ஒரு துண்டு நிலம் கிடைத்து விதைத்தால் பிள்ளைகள் சாப்பிடும். இல்லாவிட்டால் இல்லை. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மாற்று நில அலுவலகத்துக்குப் போய் நின்றாள்.

அதிகாரி மொகாபி மரியாதை தெரிந்தவர். உட்காரச் சொல்லி, என்ன நடந்தது என்று கேட்டார்.

அவர்கள் மொழியில் மெட்ஸி என்றால் தண்ணீர். பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அதுவே ஊரை உண்டாக்கிய அவள் மாமனாரின் பெயர். மாமனார் பெயரை மருமகள் உச்சரிக்கலாமா? ஊரை உண்டாக்கியவர் என்பதால் அவ்வூருக்கு வாழ்க்கைப்பட்ட எந்தப் பெண்ணும் அதைச் சொல்ல மாட்டாள். கல்யாணமான நாள் முதல் அவள் தண்ணீரைக் ‘குடிக்கிறது’ என்றுதான் சொல்லிவந்தாள்.

“குடிக்கிறது வந்து கொல்லைய மூடிடுச்சு ஐயா.”

“குடிக்கிறவன் வந்து தகராறு பண்ணினா போலீசுக்குப் போகணும் அம்மா.”

மொகாபியின் மனைவியும் அவருடைய அப்பா பெயரைச் சொல்ல மாட்டாள்தான். ஆனால் அது வீடு, இது அலுவலகம். விஷயம் புரிந்ததும் அவர் பொறுமையாக விளக்கினார். ஹா மெட்ஸி என்றால் தண்ணீரின் ஊர். ஆகவே தண்ணீர் அவ்விடத்துப் பூர்வகுடி. வெளியூர் போயிருந்த பூர்வகுடி தன் ஊருக்குத் திரும்பியிருக்கிறது. இதில் அணையைக் குற்றம் சொல்ல முகாந்திரமில்லை.

அது ஓர் ஆளின் பெயர் என்றாள் அவள். எந்த ஆள் என்றார் அவர். என் புருஷனுக்கு அப்பா என்றாள். அவர் பெயரென்ன என்றார். இப்படியே மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது.

“மெட்ஸி,” என்றாள் மாதெபெல்லோ கடைசியில். வரிசையில் நின்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். “மெட்ஸிதான் என் மாமனார்.”

மொகாபியின் முகம் மலர்ந்தது. “இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே அம்மா. மாமனார் மருமக கொல்லைய எடுத்துக்கிட்டார். குடும்பத் தகராறு. துறை இதுல தலையிடாது. உங்க ஊர்த்தலைவரப் பாருங்க.”

ஊர்த்தலைவர் தெசெலே மெட்ஸியின் மூத்த மகன், அவளுக்கு மூத்தார். அணை வருகிறது என்றபோது அவர் கூட்டிய கூட்டத்துக்கு யாரும் வரவில்லை. ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருடைய குதிரையைக் காணோம். அவள் பெயரைச் சொல்லிவிட்ட சேதி பரவி, அதற்காகக் கூடிய இந்தக் கூட்டத்துக்கு எல்லாக் குதிரைகளும் வந்தன. கொல்லையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவள் வாயைப் பற்றித்தான் பேச்சு.

“நாக்கு கூசல உனக்கு?” என்றார் தெசெலே.

“கூசுச்சு மாமா. வயித்துக்குத்தான் கூசத் தெரியல.”

அபராதம் ஒரு செம்மறி ஆடு. தம்பி வீட்டிலிருந்து ஓட்டிவந்து கட்டினாள். தலைவர் மன்றத்தில் கட்டிய ஆடு அக்கணமே அரசாங்க ஆடாகிவிட்டது. அதை மேய்க்க ஊரில் இடமில்லை. மேய்ச்சல் நிலமும் நீருக்கடியில்தான் இருந்தது. தெசெலே மேலிடத்துக்குத் தெரிவித்தார்.

அரசாங்க ஆடு பட்டினி கிடப்பது அரசாங்கத்துக்கு இழுக்கல்லவா? மொகாபியே நேரில் வந்து, சமவெளியில் நல்ல கரிசல் நிலமாகப் பார்த்து ஆட்டுக்கு ஒதுக்கினார். பராமரிப்பு, அபராதம் கட்டியவர் பொறுப்பு. ஆடு ஒரு மூலையில் மேய்ந்தது. மிச்ச இடத்தில் மாதெபெல்லோ மக்காச்சோளம் விதைத்தாள், மழையும் பெய்தது.

அடுத்த மன்றத்தன்று ஹா மெட்ஸி ஆண்கள் அத்தனை பேரும் ஆளுக்கோர் ஆட்டோடும் மனைவியோடும் வந்துவிட்டார்கள். “இன்னும் சத்தமாச் சொல்லு, அதிகாரி காதுல விழட்டும்,” என்று அதட்டல்கள் கேட்டன. எல்லோருக்கும் முன்னால் தெசெலேயின் மனைவி, கல்யாணம் ஆனதிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லாத வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள்.

“சொல்லேன்டி,” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார் தலைவர். “எங்கப்பன் பேருதானே.”