நடுத்துண்டுக் காக்காவும் என் மகளின் நாடகமும்

நம் தொலைக்காட்சியில் வந்த எல்லாப் படங்களுக்கும் நடுப்பகுதி எழுதியவர் ஒருவரே. அவர் எங்கள் ஊர் சாய்ந்தமருதில் ஆணி விற்கிறார். படம் எடுத்தவர்களுக்கு இது இன்னும் தெரியாது.

எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம்; ஊர் அவருக்கு வைத்த பெயர் நடுத்துண்டுக் காக்கா. அந்தி நேர மஃரிப் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்ததும் தொலைக்காட்சிக்கு முன்னால் அமர்வார். இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பாங்கு சொன்னதும் எழுந்து பள்ளிவாசலுக்குப் போய்விடுவார். தொழுது, வாசலில் நாலு பேரோடு கதைத்து, அவர் திரும்பி வரும்போது படத்தில் பாதிப் பேர் செத்திருப்பார்கள் அல்லது கலியாணம் முடித்திருப்பார்கள். இடையில் நடந்ததை வேறொருவர் என்றால் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்வார். காக்கா யாரிடமும் கேட்டதில்லை. தலையையும் வாலையும் வைத்துக்கொண்டு நடுத்துண்டைத் தானே செய்து போட்டுவிடுவார். மறுநாள் காலையில் கடைக்கு ஆணி வாங்க வருகிறவர்கள் அந்த முழுக் கதையையும் சேர்த்து வாங்கிப் போவார்கள்.

ஒரு படத்தில் இஷாவுக்கு முன் கதாநாயகன் சிறையில் இருந்தான். இஷாவுக்குப் பின் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு நீதிமன்றத்தில் வாதாடினான். காக்காவுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. சிறை அதிகாரிக்கு ஒரு மகள் இருந்தாளாம்; அவள் மறைத்துக் கொண்டுவந்து கொடுத்த புத்தகங்களைப் படித்துத்தான் அவன் சட்டத்தரணி ஆனானாம். அந்த மகள் கம்பியைப் பிடித்து அழுத இடத்தைக் காக்கா சொன்னபோது, சீமெந்து வாங்க வந்த ஒருவர் கண்ணைத் துடைத்ததை நானே பார்த்தேன். பிறகு ஓர் இளைஞன் முழுப் படத்தையும் கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வந்தான்.

"காக்கா, அந்தப் படத்துல ஜெயிலர்ர மகளே இல்லியே!"

"இல்லியா?" காக்கா பெயின்ற் டின்னை மூடினார். "அப்ப படம் எடுத்தவனுக்கு அறிவு காணா. அவள் இல்லாம அவன் எப்பிடிப் படிச்ச? நீயே செல்லு."

இளைஞன் யோசித்துப் பார்த்துவிட்டு, அவள் இருந்திருக்கத்தான் வேண்டும் என்று ஒப்புக்கொண்டு போனான்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. காக்கா பள்ளிக்குப் போன பிறகு அவருடைய மனைவி தனக்குப் பிடித்த அலைவரிசைக்கு மாற்றிவிடுவார். ஒருநாள் காக்கா விட்டுப்போனது கள்ளக்கடத்தல்காரர்களைத் துரத்தும் பொலிஸ் படம். திரும்பி வந்து பார்த்தது பாட்டுப் போட்டி. மறுநாள் கடையில் தீர்ப்பு வந்தது: "அந்தப் பொலிஸ்காரன் வேசம் மாறிப் பாட்டுக்காரனாப் போறான் பாருங்க, அது நல்ல எடம். ஆனா ஆளைப் புடிக்காமப் படத்த முடிச்சது புழ." மனைவி இன்றுவரை வாய் திறக்கவில்லை. எங்கள் ஊரில் நல்ல குடும்பங்கள் இப்படித்தான் நடக்கின்றன.

நான் பிரதேச செயலகத்தில் நிர்வாக உத்தியோகத்தராக, ஊர் வாயில் ஏ.ஓ.வாக, இருந்து ஓய்வு பெற்றவன். ஒழுங்குமுறை இல்லாத எதையும் எனக்குப் பிடிக்காது. ஆகவே காக்காவின் விமர்சனங்களைத் தூரத்தில் நின்று ரசிப்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தேன், என் மகள் றிஸ்னா எழுதிய நாடகம் தொலைக்காட்சியில் தெரிவாகும் வரை.

பெருநாள் மாலைக்கான ஒரே ஒரு நாடகம். எங்கள் கிழக்குக் கரையில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். தங்கைக்கு வீடு கட்டுவதற்காக வெளிநாட்டில் உழைத்த ஓர் அண்ணன் ஊர் திரும்புகிறான். அந்த வீட்டில் அவனுக்கு ஓர் அறை இல்லை. நடுவில் ஒரு காட்சி. அவன் தான் கட்டிய வீட்டின் படியில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறான். வசனமே கிடையாது. நாடகத்தின் உயிரே அதுதான் என்றாள் மகள். ஒளிபரப்பு நேரத்தை அறிவித்தார்கள்; கணக்குப் பார்த்தோம். அந்தக் காட்சி சரியாக இஷாவில் விழுந்தது.

"வாப்பா, காக்கா அந்த எடத்துல ஒரு வெட்டுக்குத்துப் போட்டுருவார். மறுகா ஊரெல்லாம் அதத்தான் நான் எழுதின எண்டு செல்லும்."

அவள் பயத்தில் பிழை இல்லை. பெண்பிள்ளைக்கு நாடகம் எதற்கு என்று கேட்கக் காத்திருந்தவர்களும் காக்காவின் கடைக்குத்தான் வருவார்கள்.

நேரத்தை மாற்றக் கேட்டு அலைவரிசைக்கு எழுதினேன். "தங்கள் கோரிக்கை கவனத்திற் கொள்ளப்பட்டுள்ளது" என்று பதில் வந்தது. அந்த வசனத்தை என் உத்தியோகக் காலம் முழுவதும் நானே எழுதியிருக்கிறேன். அதன் பொருள் எனக்குத் தெரியும்.

கடைசியில் கடைக்கே போனேன்.

"காக்கா, இஷாவுக்கு வக்து நேரம் நீளமானது. கொஞ்சம் பிந்தித் தொழுதாலும் கூடும்."

"ஏ.ஓ. சேர், நாடகம் பாக்க ஜமாஅத்த உடச் செல்றீங்களா?"

"கூட்டுத் தொழுகையை விடச் சொல்லவில்லை. சட்டத்தில் இடம் இருக்கிறது என்கிறேன்."

"ஒங்கட ஒபிஸ்ல சட்டத்துல எடம் இருந்த எத்தின வேல நடந்திச்சி?" என்று கேட்டுவிட்டு, அடுத்தவருக்குக் கம்பி அளக்கத் திரும்பினார்.

பெருநாள் மாலை காக்கா மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். வட்டிலப்பம் சாப்பிட்டார். நாடகம் தொடங்கியது. அண்ணன் பெட்டியோடு வந்து இறங்கினான், விளம்பரம் வந்தது, பாங்கும் கேட்டது. காக்கா தொலைக்காட்சியின் சத்தத்தை நிறுத்தி, பாங்கு முடியும் வரை காத்திருந்து, எழுந்து வெளியே போனார். றிஸ்னா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

பின்பக்கத்தில் குழாய்ச் சத்தம் கேட்டது. காக்கா தொழுகைக்காகக் கைகால் கழுவி வுழூ செய்துகொண்டு, முகத்தில் நீர் சொட்டத் திரும்பி வந்து அதே கதிரையில் அமர்ந்தார்.

"ஒங்கட பைப்புல வாஷர் போயிட்டு, சேர். நாளைக்குக் கடைக்கு வாங்க." பிறகு திரையைக் காட்டினார். "சத்தத்தக் கூட்டுங்க. முடிஞ்சாப் போல இஞ்சயே ஜமாஅத்தாத் தொழுவம்."

படிக்கட்டுக் காட்சி வந்தது. மூன்று தங்கைகளுக்கு வீடு கட்டிவிட்டுத் தலை நரைத்த பிறகு கலியாணம் முடித்த மனிதர் காக்கா. ஊரில் எல்லோருக்கும் தெரியும். றிஸ்னா திரையைப் பார்க்கவே இல்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாடகம் முடிந்ததும் காக்கா எங்களுக்கு முன்னின்று தொழுவித்தார். மனைவியோடு வீட்டுக்குப் போனார். தீர்ப்பு மறுநாள் கடையில்தான் வரும்; மகள் அன்று சோறு தின்னவில்லை.

காலையில் வாஷர் வாங்கக் கடைக்குப் போனேன். கூட்டம் கூடியிருந்தது. காக்கா கதையைத் தொடங்கி, பெட்டியோடு அண்ணன் வந்த இடம் வரை சொன்னார்.

"மறுகா, நடுவுல என்ன நடந்த காக்கா? வெட்டுக்குத்தா?" என்று கேட்டார் ஒருவர்.

"ஒண்டும் நடக்கல்ல. அவன் படியில இருந்தான். அவ்வளவுதான்." காக்கா என்னைக் கண்டார். "நடுவுல நான் போட ஒண்டுமில்ல சேர். புள்ள எல்லாத்தையும் போட்டுட்டா."

வாஷரை வாங்க மறந்து, அந்தச் செய்தியோடு மகளிடம் வேகமாக நடந்தேன். குழாய் இன்னும் ஒழுகுகிறது. அதை அவசரப்பட்டுத் திருத்தும் எண்ணம் எனக்கில்லை. அந்தக் கடைக்குப் போக ஒரு காரணம் கையில் இருக்கட்டும்.